மஞ்சள் துணி கட்டிய ஆப்பிள் மரம்

எங்கள் ஊரில் ஆப்பிள் மரத்துக்கு நோய் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமரம் என்றால் வழியில் போகிற பஸ் கண்டக்டர்கூட ஒரு மருந்து சொல்லிவிட்டுப் போவார். தென்னைக்கு ஊரே வைத்தியர். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்கு மாவுப்பூச்சி வந்தபோது டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஆப்பிள் மரத்துக்கு முன்னால் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். இது நோய் பிடித்த பட்டை என்று சொல்ல வேண்டுமானால், நோய் பிடிக்காத ஆப்பிள் மரத்தை ஒருவராவது பார்த்திருக்க வேண்டுமே.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரர். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் போர் போடும் ரிக் வண்டியில் டிரைவராகச் சேர்ந்து பாதி வாழ்க்கையை வடக்கே கழித்தவர். மல்லசமுத்திரம் பக்கம் இது பெரிய விஷயமில்லை. வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஒரு மாநிலத்தில் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். ஒரு வருஷம் இமாச்சலத்தில் வண்டி பழுதாகி, உதிரி பாகம் வரும்வரை பனிக்காலம் முழுக்க ஓர் ஆப்பிள் தோப்பின் ஓரமாக நின்றிருக்கிறது. அந்தத் தோப்பு அவர் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேலையை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், செல்போனில் விளம்பரம் பார்த்து மூன்று ஆப்பிள் நாற்று வரவழைத்ததுதான். வெயில் தாங்கும் ரகம், சமவெளியிலும் காய்க்கும் என்று அதில் போட்டிருந்ததாம்.

"ஏனுங்க, இங்க மனுசனே வெயில்ல வெந்து கெடக்கறோம். ஆப்பிள் எங்கீங்க வரும்?" என்றேன்.

"நான் பாத்திருக்கறேன் புள்ள. நீ பாத்திருக்கறயா?" என்றார்.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? நான் பார்த்த ஆப்பிளெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி, பழக்கடையில் வரிசையாக அடுக்கி வைத்ததுதான். ஆனால் அவர் பார்த்ததும் பனிக்காலத்து மரங்களைத்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. ஓர் இலை கிடையாது, ஒரு பூ கிடையாது, மொட்டை மரங்கள். பட்டையெல்லாம் வெடித்து, கறுத்து, அடியில் சுண்ணாம்பு பூசி நின்றதாக அவரே சொல்வார். ஆப்பிள் மரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர் மனதில் பதிந்த படம் அதுதான்.

மூன்று நாற்றையும் போர் மோட்டாருக்குப் பக்கத்தில், தண்ணீர் பாயும் இடமாகப் பார்த்து வைத்தார். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூன்றும் தெரியும். நாளெல்லாம் மிஷினை மிதித்துக்கொண்டே அவர் அவற்றைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று உள்ளுக்குள் நிம்மதிதான். வாயால் மட்டும் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன்.

மரங்கள் ஆளுயரம் தாண்டிய வருஷம், மார்கழிக்கு முன்னால் இலையெல்லாம் கையால் உருவிவிட வேண்டும் என்று நர்சரிக்காரர் போனில் சொன்னார். அப்படிச் செய்தால் மரம் பனிக்காலம் வந்துவிட்டது என்று நினைத்துத் தூங்கும், தூங்கி எழுந்தால்தான் பூக்கும். அதாவது மரத்தை ஏமாற்றுவது. இவர் ஏணி போட்டு ஒவ்வோர் இலையாகப் பறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்துக் காட்டுக்காரம்மா, "ஏனுங்க, கோழிக்கு ரெக்கை புடுங்கறாப்ல புடுங்கறீங்களே, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் அதே சந்தேகம்தான். மொட்டையாக நிற்கிற மரத்தைப் பார்த்தால் தூங்குகிறதா, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த வருஷம் மூன்றிலும் பச்சை தெரிந்தது, பூ மட்டும் வரவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் என் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. சேலத்தில் அறுவை செய்து எடுத்துவிட்டு, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பேச முடியாமல் கழுத்தில் கட்டோடு படுத்திருந்தேன். துணைக்கு என் தங்கையை விட்டுவிட்டு, குளித்துவிட்டு வாரேன் என்று வீட்டுக்குப் போனவர், சாயந்திரம் விரல் நுனியெல்லாம் மஞ்சளாகத் திரும்பி வந்தார். என்னவென்று சைகையால் கேட்டேன்.

"ஆத்தாளுக்கு வேண்டிட்டேன். ஒனக்கு ஒண்ணுமில்லேன்னு வந்துட்டா மொதக் காய் அவளுக்குன்னு சொல்லிக் காசு முடிஞ்சு கட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

எங்கள் பக்கம் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டால், ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். காரியம் ஆனதும் அதைக் கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். ஆனால் இவர் நேர்ந்தது மரத்தின் காயை அல்லவா? கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குக் கழுத்தில் துணி கட்டி அடையாளம் வைக்கிற மாதிரி, நடுமரத்தின் நல்ல கிளையொன்றில் காசு முடிந்த துணியைக் கட்டிவிட்டார். நேர்ந்த கிடாயை யாரும் அடிக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கிளையும் அப்படித்தான். அதன் இலையை உருவும்போதுகூட அவர் கை துணிப் பக்கம் போகவில்லை.

கெட்டது ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்த அன்று நான் முதலில் போய்ப் பார்த்தது அந்தத் துணியைத்தான். எனக்காக ஒருவர் காசு முடிந்தார் என்பதில் ஒரு பெருமை, பொய் சொல்வானேன். ஆனால் தையல்காரி கண் வேறு. என் மிஷினுக்கு அடியில் இருக்கும் வெட்டுத்துணிப் பையிலிருந்து எடுத்திருக்கிறார். ஜாக்கெட்டுக்கு உள்ளே கொடுக்கிற லைனிங், நைலான் கலந்த துணி. மஞ்சள் தண்ணீரில் நனைத்து, லாரியில் தார்ப்பாய் கட்டுகிற பழக்கத்தில் இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். பருத்தியாக இருந்தால் மழையில் மக்கிப் போயிருக்கும். இது மக்குகிற ஜாதியில்லை.

மாசியில் நடுமரம் பூத்தது. வெள்ளையில் லேசான ரோஸ் கலந்த பூ. ஊரே வந்து பார்த்தது. மற்ற இரண்டும் இலையை மட்டும் விட்டுவிட்டுச் சும்மா நின்றன. பூவெல்லாம் உதிர்ந்து கடைசியில் நின்றது ஒரே ஒரு காய். அதுவும் துணி கட்டிய கிளையில், துணிக்கு மேலே. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆத்தாளே தன் காயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்தது.

காய் எலுமிச்சை அளவு வந்தபோது பட்டையைக் கவனித்தேன். துணிக்கு மேலேயும் கீழேயும் பட்டை செங்காவி நிறத்தில் உள்வாங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது. மேலே குண்டூசித் தலை அளவில் கறுப்புப் புள்ளிகள். அந்தக் கிளையின் இலை மட்டும் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, இது என்னுங்க புண்ணு மாதிரி?"

அவர் குனிந்து பார்த்தார். "ஆப்பிள் மரத்துப் பட்டை இப்பிடித்தான் இருக்கும் புள்ள. அங்கயும் இப்பிடித்தான் வெடிச்சு வெடிச்சுக் கெடக்கும்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, மரம் ஒருவழியாக இமாச்சலத்து மரம் மாதிரி ஆகிறதே என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். பார்த்தவர் அவர்தானே.

ஆனால் அந்தப் பள்ளம் நாளுக்கு நாள் கீழே இறங்கியது. அவருக்கும் முகம் மாறியது. நர்சரிக்காரருக்குப் போட்டோ அனுப்பினார். வெயில் சூடு, சுண்ணாம்பு அடியுங்கள் என்று பதில் வந்தது. வேளாண்மை ஆபீசில் இருந்தவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆப்பிளுங்களா? நம்ம தாலுக்காவிலயா?" என்று கேட்டு, பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். உரக்கடைக்காரர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "எலுமிச்சைக்கு வந்தாச் சொறிம்போம், மாவுக்கு வந்தாப் பிசின் வடியுதும்போம். ஆப்பிளுக்கு வந்தா என்னன்னு சொல்றதுன்னு எனக்குத் தெரியிலீங்க." ஆனாலும் ஒரு பொட்டலம் மருந்தை விற்றுவிட்டார்.

சுண்ணாம்பு அடித்தோம். மருந்தும் அடித்தோம். தண்ணீர் அதிகம் என்றார் ஒருவர், நிறுத்தினோம். தண்ணீர் போதவில்லை என்றார் இன்னொருவர், திறந்துவிட்டோம். எதற்குக் கேட்கிறது, எதற்குக் கேட்கவில்லை என்றே புரியவில்லை. ஒரு நாள் பள்ளம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும், மறுநாள் விரலளவு இறங்கியிருக்கும். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் நினைத்ததைச் சொல்லியிருக்க மாட்டேன். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம், அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. வளரும் கிளைக்கு அவர் துணி விட்டுக் கட்டவில்லை. முடிச்சுக்கு இரண்டு பக்கமும் கிளை வீங்கி, துணி சதைக்குள் போயிருந்தது. நைலான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. எனக்காகக் கட்டிய துணிதான் இதைச் செய்தது என்று அவரிடம் நான் எந்த வாயால் சொல்வது?

பரமத்தி வேலூரில் கொடிக்கால் வைத்திருக்கும் என் அண்ணன் ஒருநாள் கட்டு வெற்றிலையோடு வந்தார். காவிரிக்கரையில் வெற்றிலை பயிரிடுகிறவர்களுக்கு வாடலும் அழுகலும் வீட்டு விஷயம். மரத்தைச் சுற்றி வந்து, புண்ணின் ஓரத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. காய்ந்த ரத்தம் மாதிரி பழுப்பாக இருந்தது.

"இது பூசணந்தான் மாப்ள. ஆப்பிளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ஆனா அழுகறது எதுல அழுகினாலும் ஒண்ணுதான். புண்ணுக்குக் கீழ ஒரு சாண் நல்ல கட்டையோட சேத்து அறுத்து எரிச்சுப் போடோணும். வெட்டுவாய்ல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கொழச்சு அப்போணும். உட்டா நடுக்கட்டைக்கு எறங்கிரும், பொறகு மரமே ஆவாது."

"காய் இருக்குதுங்களே மச்சான்" என்றார் இவர்.

"காயப் பாத்தா மரம் போயிருமுங்க."

"நேந்துக்கிட்ட காயிங்க."

அண்ணன் அப்போதுதான் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த தழும்பைப் பார்த்தார். "அம்மிணி, சித்தெ தண்ணி கொண்டா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார். கிளம்பும்போது என்னிடம் தனியாக, "நீதான் சொல்லோணும் கண்ணு" என்றார்.

என்னத்தைச் சொல்ல? பிஞ்சாக இருக்கும் காயைப் பறித்தால் நேர்ந்தது நிறைவேறாது. கிளையை வெட்டினால், நேர்ந்த கிடாயைத் திருட்டுத்தனமாக வெட்டின கதை. வெட்டாவிட்டால் மரம் போய்விடும். அடுத்த மாதம் எனக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டிய தவணை. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிந்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். காய் பழுத்துக் கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை நான் பிழைத்தது நிச்சயமில்லை. அவர் கணக்கு அது.

எனக்குக் கோபம் வந்தது. "என்ற கழுத்துக்கும் மரத்துக்கும் என்னுங்க சம்பந்தம்? டாக்டர் ஒண்ணுமில்லேன்னு சொல்லியாச்சு. கெளைய வெட்டுங்க" என்று ஒரு மத்தியானம் கத்திவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கத்தி முடித்ததும் என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அந்த நிமிஷத்தில் எனக்கே தெரியவில்லை, நான் நம்புகிறேனா இல்லையா என்று. வெட்டச் சொல்கிறவளும் நானே, வெட்டினால் என்ன ஆகுமோ என்று நடுங்குகிறவளும் நானே.

கடைசியில் ஆத்தாளையே கேட்டுவிடலாம் என்று கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டோம். அம்மன் தலையில் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலது விழுந்தால் வெட்டலாம், இடது விழுந்தால் கூடாது. கண்ணை மூடி நின்றோம். பூசாரிக்கு வேர்த்ததோ என்னவோ, நடுவில் ஃபேனைப் போட்டுவிட்டார். இரண்டு பூவும் ஒன்றாக விழுந்தன.

"ஃபேன் ஓடுதுங்களே சாமி" என்றேன்.

பூசாரி மேலே பார்த்தார், பூவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஆத்தா ரெண்டு மனசா இருக்கறாளுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், சாமிக்கே தெரியாதென்றால் நாங்கள் எந்த மூலைக்கு என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, காயின் அடியில் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. அதற்குள் இன்னொரு வட்டம். விரலால் தொட்டால் மெத்தென்று அமுங்கியது. மரத்தில் இருந்த அதே அழுகல் காய்க்கும் வந்துவிட்டது. இனிப் பழுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரம்பத்தை எடுத்து வந்தார். வெட்டுவதற்கு முன்னால் துணியை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு வரவில்லை. நான் என் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தேன். காசு முடிச்சை விட்டுவிட்டு, சுற்றை மட்டும் அவரே நறுக்கினார். நறுக்கி எடுத்ததும் துணி இருந்த இடம் தெரிந்தது. கிளையைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி பட்டை முழுக்க அழுகி, கறுத்து, ஈரமாக இருந்தது. மேலே பரவியது, கீழே இறங்கியது எல்லாம் அங்கிருந்துதான் என்று கண்ணில்லாதவருக்கும் புரியும்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. ரம்பம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அறுத்த கிளையைத் தூரத்தில் போட்டு எரித்தார். அண்ணன் சொன்னபடி மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்து வெட்டிய இடத்தில் நீலமாக அப்பினார். காயை மட்டும் எரிக்கவில்லை. அதைக் கழுவி, ஒரு தேங்காய் பழத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோனார். அழுகின காயை ஏற்கக் கூடாதுங்க, நல்ல காய் வரட்டும், அதுவரைக்கும் காசு முடிச்சு உங்ககிட்டயே இருக்கட்டும் என்று பூசாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மரத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. நான் மிஷினை நிறுத்திவிட்டு, "இங்க கட்டுங்க" என்று இடது கையை நீட்டினேன். யாருக்காக நேர்ந்ததோ அவளிடமே இருக்கட்டும் என்று கேலியாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் கேலியாக வரவில்லை.

கட்டினார். தார்ப்பாய் கட்டிய அதே கைகள். ஆனால் சுற்று இப்போது அவ்வளவு தளர்வு. பாத்திரம் கழுவக் கையைத் தாழ்த்தினால் துணி கழன்று தண்ணீருக்குள் விழுந்துவிடும். எடுத்துப் பிழிந்து மறுபடி மாட்டிக்கொள்வேன். கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க என்றால், "வேண்டாம் புள்ள, இருக்கட்டும்" என்பார். தைக்கும்போது ஊசிக்குக் கீழே வந்து மாட்டிக்கொள்ளும். அவர் மனதில் ஓடுவது தெரிந்ததால் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

தவணைக்கு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் வந்து சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கிளை போன பிறகும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு இப்போது வேறு வெசனம். காப்பாற்றுவதற்காகக் கட்டியது கெடுத்துவிட்டது என்பதிலேயே நின்றுவிட்டார். மோட்டார் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர் பாய்ச்சப் போனால் நடுமரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நீங்க என்ன வேணும்னேவா பண்ணுனீங்க என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். அதற்குமேல் தேற்ற எனக்கு வழி தெரியவில்லை. நானே அது துணியால் வந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும்போது எதைச் சொல்லித் தேற்றுவது?

அடுத்த தவணையும் நல்லபடியாகவே போயிற்று. இப்போது மார்கழி வரப்போகிறது. இலை உருவுகிற காலம். இந்த வருஷம் அவர் ஏணியைத் தொடவில்லை. சரி, நானே உருவலாம் என்று ஒரு நாள் காலையில் போனேன். நடுமரத்தில் ஆரம்பித்து மேற்குப் பக்கத்து மரத்துக்கு வந்தேன். பாதிக் கிளை உருவியதும் கை நின்றுவிட்டது. இலை மறைத்திருந்த இடத்தில், இரண்டு கிளை பிரியும் கவட்டில், செங்காவி நிறத்தில் ஒரு பள்ளம். ஓரத்தில் வெடிப்பு. மேலே கறுப்புப் புள்ளிகள். கிழக்கு மரத்துக்கு ஓடினேன். அதில் இரண்டு இடம்.

இந்த மரங்களில் துணி கட்டவே இல்லை. யாரும் ஒரு நூல்கூடச் சுற்றவில்லை. வரும்போதே நாற்றோடு வந்ததோ, எங்கள் வெயில் பட்டையை வெடிக்க வைத்து வழி விட்டதோ, நடுமரத்திலிருந்து மழைத் தண்ணீரில் தெறித்ததோ, எனக்கு எப்படித் தெரியும்? அண்ணனைக் கேட்டால் ஒன்று சொல்வார், உரக்கடைக்காரர் ஒன்று சொல்வார். மூன்று மரமும் போனாலும் போகலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசையாக வளர்த்த மரத்தில் அழுகலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன்.

"ஏனுங்க! இங்க வாங்க!" என்று கத்தினேன்.

என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். கவட்டைக் காட்டினேன். கிழக்கு மரத்தையும் காட்டினேன். குனிந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார், பழுப்பைப் பார்த்தார். மறுபடி மேற்கு மரத்துக்கு வந்து பார்த்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்பத் துணியில்லியா புள்ள?" என்றார். இத்தனை மாதத்தில் அவர் அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"துணியில்லீங்க. இதுல எங்கீங்க துணி? அது தானா வந்தது" என்றேன்.

நிஜமாகவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. நடுமரத்தில் துணிதான் வழிவிட்டதோ, அங்கிருந்துதான் இவற்றுக்கும் பரவியதோ. அந்தச் சந்தேகத்தை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை.

எழுந்தபோது அவர் கண் என் கையில் போய் நின்றது. இலை உருவியதில் துணி நழுவி முழங்கைப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. "கையைக் கொடு" என்றார். பழைய முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். மறுபடி சுற்றி, தன் ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டார். ஜாக்கெட் கைக்கு நான் விடுகிற அளவும் அதுதான். அதற்குப் பிறகே ரம்பத்தை எடுக்க வீட்டுக்குள் போனார்.

அன்றிலிருந்து துணி கழன்று விழவில்லை.